இரண்டாவது கண்

அவருக்கு என்னிடம் பொய் சொல்ல என்ன அவசியம்? அதுவும் ஒரு கிரகத்தை வைத்துக்கொண்டு?

மடிக்கணினித் திரையில் இரண்டு வியாழன்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இடப்பக்கம் இருந்தது அவள் இந்த வீட்டு மொட்டைமாடியிலிருந்து பெரியவனை வைத்து எடுத்தது. வலப்பக்கம் இருந்தது அவள் கணவர் அனுப்பியது. அரை நாள் பேருந்தில் போனால் வரும் மலைமேல், நீர்மின் நிலையக் குடியிருப்பின் வாசலில், சின்னவனை வைத்து எடுத்ததாகச் சொல்லியிருந்தார். பெரியவனும் சின்னவனும் பிள்ளைகள் இல்லை. ஜோடியாக வாங்கிய, ஒரே அளவுள்ள இரண்டு தொலைநோக்கிகள். பெட்டியிலிருந்து முதலில் வெளியே வந்தது பெரியவன், அவ்வளவுதான் மூப்பு. பிள்ளையில்லாத வீட்டில் அந்தக் கேலி எப்போதோ ஆரம்பித்து, கேலி என்பதே மறந்துபோய்ப் பழக்கமாகிவிட்டது. மாற்றலாகிப் போகும்போது சின்னவனைப் போர்வையில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டுதான் பேருந்து ஏறினார். ஜன்னல் வழியாகக் கையசைத்தார். பேருந்து முனையில் திரும்பும்வரை அவள் நின்று பார்த்தாள்.

நான்கு மாதம் ஆகிறது. விடுப்பு கிடைக்கவில்லை என்று ஒருமுறைகூட வரவில்லை. ஆனால் இருட்டியதும் தொலைபேசி வரும். மறுநாள் காலையில் அவர் எடுத்த வீடியோ இருவருக்கும் பொதுவான கோப்புறையில் வந்து உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் வேலைக்குக் கிளம்புவாள்.

இப்போது, போன வாரம் அப்படி வந்த ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கிரகங்களும் நடுங்கின.

நடுங்குவது புதிதில்லை. தண்ணீருக்கடியில் கிடக்கும் நாணயம்போல, காற்றுக்கடலின் அடியிலிருந்து பார்க்கும் எதுவும் நடுங்கும். ஆனால் ஒவ்வோர் ஊரின் காற்றும் தன்பாட்டுக்குத்தான் அலையும். ஒரே அறையில் தூங்கும் இரண்டு பேர்கூட ஒரே மாதிரி புரள்வதில்லை. இங்கே, இடதுபக்கத்து வியாழன் விளிம்பில் சுருங்கியபோது வலதுபக்கமும் சுருங்கியது. இடது மெல்ல வீங்கி அமர்ந்தது, வலதும் வீங்கி அமர்ந்தது. ஒரே மார்பு இரண்டு சட்டைகளுக்குள் மூச்சு விடுவதைப்போல.

மதியம் பல் டாக்டர் தொலைபேசியில் சொன்னது இதைத்தான். அவர்தான் அவர்களுடைய கிரகம் பார்ப்போர் குழுவை நடத்துகிறவர். அவள் தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஒரு வாடிக்கையாளருக்கு வில்லை தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் நாள் முழுக்க அடுத்தவங்க வாய்க்குள்ள பாக்குறவன். சொந்தப் பல்லு எது, கட்டின பல்லு எதுன்னு சிரிச்சாலே தெரிஞ்சுடும். நீங்க அனுப்பின ரெண்டு வீடியோல ஒண்ணு கட்டின பல்லு."

"என்ன சொல்றீங்க டாக்டர்?"

"ரெண்டுலயும் காத்து ஒண்ணு போலவே ஆடுது. ஒரே இடத்துல எடுத்தது. இல்லைன்னா ஒண்ணைப் பாத்து ஒண்ணு செஞ்சது. உங்களுக்கே தெரியும், ஒருத்தர் பாத்தது கணக்குல சேராது. காலைக்குள்ள என்னன்னு சொல்லிடுங்க. இல்லைன்னா ரெண்டையும் தள்ளிட்டு உங்க பேரையும் எடுக்க வேண்டி வரும். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

கணக்கில் சேராது என்பது அவளே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்த விதி. வியாழனில் ஏதாவது வந்து மோதினால் ஒரு வெளிச்சம் தெரியும். தும்மி முடிப்பதற்குள் அணைந்துவிடும். கேமராவின் கோளாறிலும் அப்படி ஒரு பொட்டு மின்னலாம். அதனால் வேறோர் ஊரிலிருந்து வேறொருவர், அதே நொடியில், அதே இடத்தில் அதைப் பிடித்திருக்க வேண்டும். இரண்டு ஊர், இரண்டு கண். அதற்காகத்தான் கணவர் மாற்றலாகிப் போனபோதுகூட இருவரும் அதில் ஒரு நல்லதைப் பார்த்துக்கொண்டார்கள்.

போன வாரம் அந்த வெளிச்சம் வந்தது. கிரகத்தின் தெற்குப் பட்டையின் ஓரத்தில் ஒரு வெண்புள்ளி பிறந்து, பெருத்து, இல்லாமல் போயிற்று. ஒரு வீடு அளவுக்கு ஏதோ ஒன்று அந்தப் பெரும் உடலுக்குள் விழுந்து கரைந்திருக்கிறது, ஒரு சத்தமும் இல்லாமல். கல்யாணம் ஆனதிலிருந்து மாடியில் காத்திருந்தது அந்தக் கண் சிமிட்டலுக்குத்தான். அவள் தனியாக நின்று கத்தினாள். மறுநாள் காலை அவர் வீடியோவிலும் அது இருந்ததைப் பார்த்து, கடையில் வில்லைகளுக்கு நடுவே அழுதாள்.

நகல் எடுத்திருக்கிறார். வேறு என்ன?

அவள் வீடியோவும் அந்தக் கோப்புறையில்தானே கிடக்கிறது. அதை எடுத்துக் கொஞ்சம் சாய்த்து, கொஞ்சம் மங்கலாக்கி, தன்னுடையது என்று திருப்பிப் போட்டிருக்கிறார். அப்படியானால் சின்னவன் போர்வையைவிட்டு வெளியே வரவேயில்லையா? இருட்டியதும் மலைமேல் அவர் யாரோடு இருக்கிறார்? யாரோ ஒருத்தி என்ற எண்ணம் வந்தது. வந்த வேகத்தில் அது அவளைச் சுடவில்லை என்பதை ஆச்சரியத்தோடு கவனித்தாள். ஒருத்தி என்றால் மன்னிக்க முடியாவிட்டாலும் புரிந்துகொள்ளவாவது முடியும். காலைதோறும் தனக்கு ஒரு பொய்க் கிரகத்தைக் கட்டி அனுப்பியவரை எந்த இடத்தில் வைத்துப் புரிந்துகொள்வது? வியாழனில் நடப்பது இங்கே தெரிய முக்கால் மணி நேரம் பிடிக்கும். தன் வாழ்க்கையில் நடந்து முடிந்தது தனக்குத் தெரிய நான்கு மாதம் பிடித்திருக்கிறது.

அவள் உட்கார்ந்திருந்த அறை மாடிப்படியின் உச்சியில் இருந்தது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, மஞ்சள் பல்பு. ஒரு பக்கம் மொட்டைமாடிக்குத் திறக்கும் இரும்புக் கதவு. அவள் முதுகுக்குப் பின்னால் மாடியைப் பார்த்த ஜன்னல். கடையிலிருந்து வந்ததும், கைப்பழக்கத்தில், பெரியவனை மாடியில் நிறுத்தி வியாழன்மேல் பூட்டிவிட்டு வந்திருந்தாள். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே அதன் கேபிள் உள்ளே வந்து, தரையில் ஊர்ந்து, மேசைமேல் ஏறியது. திரையின் மூலையில் இந்த நேரத்து வியாழன், சின்னதாக, உயிரோடு நடுங்கிக்கொண்டிருந்தது.

தைல வாசனை வந்தது. குளிர் ஒத்துக்கொள்ளாதென்று கைக்குட்டையில் யூகலிப்டஸ் தைலம் தெளித்து மூக்கருகே வைத்துக்கொள்வது அவர் வழக்கம். சில நாட்களாக மாடியில் நிற்கும்போதெல்லாம் அந்த வாசனை வந்தது. ஏக்கம் மூக்கில்கூட ஏறும்போல என்று நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

நகல் என்பதற்கு ஓர் ஆதாரம் வேண்டும். முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்க. வலப்பக்கத்து வீடியோவை மட்டும் பெரிதாக்கினாள். மலைக்குப் போன புதிதில் கேமரா கெட்டுவிட்டதென்று சொல்லி, கைபேசியைத் தொலைநோக்கியின் கண்முனையில் பொருத்தித்தான் எடுக்கிறார். கைபேசி எடுத்த வீடியோவென்றால் அதில் ஒலியும் இருக்கும். கிரகம் பார்க்கிறவர்கள் ஒலியைக் கேட்பதேயில்லை. முதல் வேலையாக அதை அணைத்துவிடுவார்கள். கிரகம் என்ன பேசவா போகிறது?

அவள் ஒலியைத் திறந்தாள்.

முதலில் வெறும் இரைச்சல், சங்கைக் காதில் வைத்ததுபோல. பிறகு அதற்குள்ளிருந்து ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன. ஒரு சொட்டு. இடைவெளி விட்டு இன்னொரு சொட்டு. தண்ணீர்த் தொட்டியின் மிதவை சரியாக மூடாமல் சொட்டும் சத்தம். எந்த ஊரில் தொட்டி சொட்டாது என்று நினைத்தாள். அடுத்து ஓர் இரும்புக் கதவு திறந்தது. நீளமாக முனகி, கடைசியில் விக்கலெடுத்தாற்போல் ஒரு குதி குதித்து நின்றது.

அவள் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி, பக்கத்தில் இருந்த இரும்புக் கதவைப் பார்த்தாள்.

சப். டப். சப். டப். யாரோ நடந்து வந்தார்கள். ஒரு செருப்பின் அடிப்பாகம் பிய்ந்து, ஒவ்வோர் எட்டுக்கும் இரண்டாவதாக ஓர் அடி அடித்தது. மேசைக்கடியில் அவள் வலது காலை அசைத்தாள். சப். டப். ஒட்டவேண்டும் ஒட்டவேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த செருப்பு.

வீடியோவில் செருப்புச் சத்தம் நெருங்கியது. நெருங்கியபோது வியாழன் மங்கி, சத்தம் கடந்துபோனதும் மறுபடி பிரகாசித்தது. தொலைநோக்கிக்கு முன்னால் ஓர் ஆள் குறுக்கே போனால் அப்படித்தான் மங்கும்.

பிறகு யாரோ மெல்ல முனகினார்கள். ராகம் என்று சொல்ல முடியாத, தனியாக இருக்கும்போது மட்டும் தொண்டையிலிருந்து வரும் ஒன்று. அதை இதுவரை வெளியிலிருந்து கேட்டதில்லை என்பதால், தன் குரல்தான் என்று தெரிய அவளுக்குச் சற்று நேரமானது.

"சொல்லுங்க," என்றது வீடியோவில் அவள் குரல். "ம்... இங்க நல்லா தெளிவா இருக்கு. அங்க?"

மௌனம். சொட்டு.

பிறகு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நினைவிருந்தது. போன வாரம், வெளிச்சம் வந்த அன்று, அவர் தொலைபேசியில் சொன்னார்: இங்க குளிர்ல சின்னவனுக்கு மூக்கு ஒழுகுது, துடைச்சு விட்டுட்டு வரேன் இரு. அதற்குத்தான் சிரித்தாள். அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் வீடியோவில் எந்தக் குரலும் இல்லை. அவள் பேசினாள், நிறுத்தினாள், ம் கொட்டினாள், மறுபடி பேசினாள். படம் எடுத்த பக்கம் யாரும் எதுவும் பேசவில்லை.

மூச்சு மட்டும் இருந்தது. கைபேசிக்கு மிக அருகில். அவசரமில்லாத, பொறுமையான மூச்சு.

நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். விரல் போகவில்லை. ஏனென்றால் அடுத்து என்ன வரப்போகிறதென்று அவளுக்குத் தெரியும். அன்று தொலைபேசியை வைத்ததும், இந்த மாதமும் விடுப்பு இல்லை என்று அவர் சொன்னதை நினைத்து, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். அவரிடமும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருந்த அந்த ஒன்று மட்டும்தான் முழுக்கத் தன்னுடையது என்று இருந்தாள்.

வீடியோவில் அழுகை வந்தது. அதற்கு அடியில், அந்த மூச்சு மாறியது. அவள் விசும்பியபோது அதுவும் விசும்பியது. அவள் மூக்கை உறிஞ்சியபோது அதுவும் உறிஞ்சியது. ஒரு நொடி பிந்தாமல், ஒரு நொடி முந்தாமல். கற்றுக்கொள்வதுபோல.

அப்புறம் வெளிச்சம். அவள் கத்தல். வீடியோ முடிந்தது.

அறையில் தண்ணீர்த் தொட்டியின் சொட்டு மட்டும் கேட்டது.

எழுந்துபோய் இரும்புக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். ஜன்னலை மூடவேண்டும். அதற்கு அதன் அருகே போகவேண்டும். போகவில்லை. நாற்காலியில் வந்து அமர்ந்து, நீர்மின் நிலையத்தின் எண்ணைத் தேடி எடுத்து அழைத்தாள். இத்தனை நாள் அந்த எண் தேவைப்பட்டதேயில்லை.

பணியிலிருந்தவர் பெயரைக் கேட்டு யோசித்தார். "அவரா? அவர் இங்க வந்து சேரவே இல்லையேம்மா."

"நாலு மாசமா அங்கதானே இருக்கார்."

"இல்லைங்க. வராததால ஆரம்பத்துல நாங்களே ரெண்டு தடவை அவர் நம்பருக்குக் கூப்பிட்டோம். எடுத்தாங்க. யாரும் பேசல. மூச்சு விடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. மனசு மாறிட்டார்போலன்னு விட்டுட்டோம். நீங்க யாரு, வீட்டுக்காரம்மாவா? ஹலோ?"

அவள் அழைப்பைத் துண்டித்தாள். பல் டாக்டருக்கு ஒரு செய்தி அனுப்பினாள். நீங்கள் சொன்னது சரி, இரண்டும் ஒரே மாடி, தள்ளிவிடுங்கள். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. ஆயுளுக்கும் ஒரே ஒரு வெளிச்சம் கிடைத்தது, அதையும் தன் கையாலேயே அணைத்தாகிவிட்டது.

கைபேசி ஒலித்தது. அவர்.

"என்ன கண்ணாடிக்காரி, மாடிக்கு ஏன் இன்னும் வரல? பெரியவன் தனியா நிக்கிறான்."

அதே குரல். அதே செல்லம்.

"எங்க இருக்கீங்க?"

"இதென்ன கேள்வி? மலைமேலதான். இங்க ஒரே பனி."

கைபேசிக்குள் ஒரு சொட்டு விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு சொட்டு விழுந்தது. இரண்டும் ஒன்றாக.

"உங்க ஆபீசுக்குப் பேசினேன்."

அந்தப் பொறுமையான மூச்சு.

"பேசாம இருந்திருக்கலாம்." கோபமில்லை. மனத்தாங்கல்தான் இருந்தது. ஏமாற்றப்பட்டது தானில்லை, அவர்தான் என்பதுபோல.

"நீங்க போகவே இல்லையா?"

"போனேன். கொஞ்ச தூரம் போனேன். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு சரியா ஞாபகம் இல்ல. திரும்பி வந்துட்டேன். உன் பின்னாடியே நிக்கிறேன். நீ ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல."

திரையின் மூலையில் வியாழன் மங்கியது. பிரகாசித்தது. மறுபடி மங்கியது. யாரோ பெரியவனுக்கு முன்னால் அங்குமிங்கும் நடந்தார்கள். செருப்புச் சத்தம் இல்லை. எந்தச் சத்தமும் இல்லை.

பிறகு வியாழன் நகர்ந்தது. திரையின் ஓரத்துக்கு வழுக்கி, வெளியே போனது. இருட்டு. இருட்டு நகர்ந்தது. யாரோ பெரியவனைத் திருப்புகிறார்கள். மெதுவாக. இறக்கி, இன்னும் இறக்கி.

திரை மஞ்சளாயிற்று.

மஞ்சள் பல்பின் மஞ்சள். வடிவமில்லாத, பரந்த மங்கல். அதன் நடுவில் ஒரு கறுப்புக் கறை. பெரிய மோதலுக்குப் பிறகு கிரகத்தின்மேல் நாட்கணக்கில் தங்கும் தழும்புபோல. யாரோ குவியத்தைத் திருகினார்கள். கறையின் விளிம்பு சற்றே இறுகியது.

அவள் இடது கையை மெல்ல உயர்த்தினாள்.

கறையிலிருந்து ஒரு கிளை உயர்ந்தது.

கையை இறக்கினாள். அதுவும் இறங்கியது.

"ஒருத்தர் பாத்தா கணக்குல சேராதுன்னு நீதானே சொல்லுவ," என்றது குரல், ஆசையாக. "நான் உன்னைப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். நீயும் என்னைப் பாத்துட்டா போதும். நான் இருக்கேன்னு ஆயிடும். திரும்பு."

காலடியில் கேபிள் அசைந்தது. ஒரு விரல் அளவு பின்னால் போனது. நின்றது. இன்னும் ஒரு விரல்.

தைல வாசனை. இப்போது வெளியிலிருந்து இல்லை.

திரும்பத்தான் ஆசை. அதுதான் கொடுமை. நான்கு மாதமாக அவள் கேட்டதெல்லாம் அந்த முகத்தை ஒரு தடவை பார்ப்பதைத்தான்.

"திரும்பும்மா. ஒரே ஒரு தடவை."

குரல் கைபேசியிலிருந்து வரவில்லை.

திரையில், கறைக்குப் பக்கத்தில் இன்னொரு கறை முளைத்தது. உயரமானது. முதல் கறையை நோக்கிக் குனிந்தது.

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். பின்கழுத்தில் மூச்சு பட்டது. தன் மூச்சை அடக்கினாள். அதுவும் அடங்கியது. கடையில் யாராவது முடியாத ஒன்றைக் கேட்டால் சொல்வாளே, அதே தணிந்த, மரியாதையான குரலில் சொன்னாள்:

"இல்லைங்க. நான் பாக்க மாட்டேன்."